பட்டர் ஃப்ரூட் ஸ்மூத்தி: பசும்பாலா, தேங்காய்ப்பாலா?

ஏற்காட்டு காபித் தோட்டங்களில் விளையும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) சேலம் கடைகளுக்கு வந்துவிட்டால் வீட்டிலேயே ஸ்மூத்தி அடிப்பது சுலபம். எந்தப் பாலில் அடிப்பது என்பதுதான் கேள்வி.

காய்ச்சி ஆறவைத்து, நன்றாகக் குளிரவைத்த பசும்பால் 200 மி.லி., நடுத்தர அளவுப் பழத்தில் பாதி, 2 டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவே போதும். பழத்திலேயே கொழுப்பு நிறைய இருப்பதால் க்ரீமோ ஐஸ்க்ரீமோ வேண்டாம். பாலுக்கு வாசனை குறைவு. அதனால் பழத்தின் சுவை தூக்கலாகத் தெரியும். ஆடையை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் திப்பிதிப்பியாக வாயில் படும்.

தேங்காய்ப்பாலில் கொஞ்சம் கவனம் வேண்டும். கெட்டியான முதல் பாலில் அடித்தால் திகட்டிவிடும். இரண்டாம் பால்தான் சரி. நாட்டுச் சர்க்கரை இதற்கு அருமையாகப் பொருந்தும், நிறம்தான் பழுப்பாகிவிடும். இன்னொரு வசதி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடலாம். பழம் கறுப்பது தள்ளிப்போகும். பசும்பாலில் விட்டால் திரிந்துவிடக்கூடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதுதான் வழி.

என் ஓட்டு பசும்பாலுக்கே. ஆனால் எதில் செய்தாலும் பழம் கனிந்திருக்க வேண்டும். இது மரத்தில் இருக்கும்போது கனியாது, பறித்த பிறகே கனியும். கல் மாதிரி இருந்தால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடி வையுங்கள். காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பார்த்து, அமுங்கினால் வெட்டலாம். அப்புறம், அடித்ததும் குடித்துவிடுங்கள். வைத்திருந்தால் நிறம் மாறிவிடும்.