பழைய பொருளை எங்கே விற்பது: ஓஎல்எக்ஸா, ஈபேயா, சேகரிப்பாளர் குழுவா?

பரண் ஒழிக்கும்போது கிடைத்ததையோ, காயலான் கடையிலும் நடைபாதைப் புத்தகக் கடையிலும் தேடிப் பிடித்ததையோ இணையத்தில் விற்று மாதம் கொஞ்சம் கூடுதல் காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘எந்த ஆப் நல்லது?’ என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தப் பொருளை ஆசைப்பட்டு வாங்கக்கூடியவர் யார், எங்கே இருக்கிறார்? முத்து காமிக்ஸின் பழைய இதழுக்கு ஜெர்மனிக்காரர் ஏலம் கேட்க மாட்டார். தேக்குக் கட்டிலைக் கூரியரில் அனுப்ப முடியாது. இளையராஜாவின் எண்பதுகளின் எல்.பி. ரெக்கார்டுக்கோ உள்ளூரிலும் ஆள் உண்டு, லண்டனிலும் ஆள் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் வீடுகளில் கிடைக்கும் பெரும்பாலான சேகரிப்புப் பொருள்களுக்கு முகநூல், வாட்ஸ்அப் சேகரிப்பாளர் குழுக்கள்தான் சரியான இடம். ரெக்கார்டு போன்ற சிலவற்றுக்கு மட்டும் வெளிநாட்டுத் தளங்கள். ஓஎல்எக்ஸ் கனமான சாமான்களுக்கு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஓஎல்எக்ஸில் போட்டு, அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

ஓஎல்எக்ஸ்

மரப்பீரோ, காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின், ஊஞ்சல் பலகை, ஆட்டுக்கல் ஆகியவற்றின் விலையைத் தீர்மானிப்பது தூரம். வாங்குபவர் வண்டி பிடித்து வந்து, ஆள் வைத்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே உங்கள் ஊர்க்காரர் கண்ணில் பட்டால்தான் விற்கும். இதில் ஓஎல்எக்ஸ் போல வேறொன்று இல்லை. முகநூல் மார்க்கெட்பிளேஸும் ஏறக்குறைய இதே ரகம்தான். கமிஷன் கிடையாது, பார்சல் வேலை கிடையாது, பொருளைப் பார்த்துக் காசைக் கொடுத்து எடுத்துப்போகிறார்கள்.

சேகரிப்புப் பொருளுக்கு இது ஒத்துவராது. அங்கே வருபவர் மலிவு தேடி வருகிறார். எச்எம்டி பைலட் வாட்ச் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எந்த வருடத்தது, டயல் மாற்றியதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ‘லாஸ்ட் பிரைஸ் என்ன ப்ரோ?’ என்பதுதான் முதல் செய்தி. கூடவே மோசடிக் கூட்டம். ‘ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, பணத்தை இப்போதே அனுப்புகிறேன்’ என்று ஒரு க்யூஆர் கோடு வரும். அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் போனில் விற்பனை பார்த்தால் இந்த ஒன்றை மட்டுமாவது அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

ஈபேயும் டிஸ்காக்ஸும்

ஈபே என்ற அமெரிக்க விற்பனைத் தளத்துக்கு இந்தியாவில் தனித் தளம் இருந்த காலத்தில் நாணயம், தபால்தலை, வாட்ச் விற்றவர்கள் இங்கே நிறையப் பேர். 2017இல் அது ஃப்ளிப்கார்ட் வசம் போய், 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. இப்போது ஈபேயில் விற்பது என்றால் ஏற்றுமதி என்று பொருள். தொழிலாகச் செய்ய ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கு அரசு தரும் குறியீட்டு எண்) வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய்தான், ஆனால் வருடந்தோறும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். கணக்கு தொடங்குவது, அஞ்சல் நிலையத்தில் ஏற்றுமதிப் படிவம் நிரப்புவது எல்லாம் முதல் தடவை அலுப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ஏலம்தான் ஈபேயின் பலம். விலை தெரியாத அரிய பொருளைக் குறைந்த தொகையில் தொடங்கிவிட்டால் போட்டியே விலையைச் சொல்லிவிடும். ஆனால் பெரும்பாலான பிரிவுகளில் கட்டணம் 13 சதவீதத்தைத் தாண்டும். வாங்கியவர் ‘விவரித்தபடி இல்லை’ என்று புகார் கொடுத்தால் தளம் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கும்.

ரெக்கார்டு விற்பவருக்கு டிஸ்காக்ஸ் இன்னும் பொருத்தம். 2000இல் இசைத்தட்டுகளின் விவரப் பட்டியலாகத் தொடங்கிய தளம் அது. ஒவ்வொரு தட்டுக்கும் எந்தப் பதிப்பு, எந்த லேபிள், இதுவரை விற்றதில் குறைந்த விலை, நடுவிலை, உச்ச விலை எல்லாம் அங்கேயே இருக்கும். கட்டணம் 9 சதவீதம். அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அஞ்சல் செலவுக்கும் சேர்த்து. பணம் பேபால் வழியாக வரும். உள்நாட்டுப் பரிமாற்றத்தை பேபால் 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணம் வாங்குவது தொடர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 டாலருக்கு ஒரு எல்.பி., அஞ்சலுக்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 60 டாலர் வரும். டிஸ்காக்ஸுக்கு 5.40 போகும். பேபால் கட்டணம் 3 டாலரை ஒட்டி வரும். அஞ்சலுக்கு 20 போனால் மிச்சம் 31, 32 டாலர். டாலரை ரூபாயாக மாற்றும்போதும் கொஞ்சம் கழியும். ‘நாற்பது டாலருக்கு விற்றது’ என்று சந்தோஷப்படுவதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்துவிட வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 800 டாலருக்குள் இருந்தால் சுங்கவரி இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிந்தது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை கொஞ்ச காலம் அமெரிக்கப் பார்சல்களையே நிறுத்தி வைத்து, அக்டோபரில்தான் மறுபடி எடுத்துக்கொண்டது. அனுப்பும் நாளில் என்ன விதி என்று அஞ்சலகத்தில் கேட்டுவிட்டு விலை சொல்வதுதான் நல்லது.

இங்கே கிடைக்கும் தமிழ் ரெக்கார்டுகளில் பெரும் பங்கு சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் இருந்தவை. கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று மைக் செட்டோடு ஊர் ஊராகப் போய் ஓடித் தேய்ந்தவை. லேபிளில் மைக் செட் கடையின் பெயர் பெயிண்டிலோ ரப்பர் ஸ்டாம்பிலோ இருக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், துளையைத் தடவித் தடவி ஆயிரம் தடவை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தட்டை ஒரே ஒரு பல்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த பள்ளங்கள் சாம்பல் பூத்துத் தெரியும். கறுப்பு மினுமினுப்பு போயிருந்தால், கீறலே இல்லாவிட்டாலும் ஓசை கரகரக்கும். வெளிநாட்டில் தட்டின் நிலையைச் சொல்ல மேலிருந்து கீழாக மின்ட், நியர் மின்ட், விஜி (வெரி குட்) பிளஸ், விஜி என்று படிநிலை உண்டு. நம் ஊரில் ‘சூப்பர் கண்டிஷன்’ என்று சொல்வது அங்கே பெரும்பாலும் விஜியைத் தாண்டாது. ஒரு படி குறைத்தே எழுதுங்கள். அனுப்பும்போது தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, தனி உறையில் போட்டு, அட்டைக்குப் பின்னால் வையுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். சேகரிப்பாளர் கொடுக்கும் விலையில் பாதி அந்த அட்டைக்குத்தான்.

குழுக்கள்

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் நாணயம், தபால்தலை, எச்எம்டி வாட்ச், காமிக்ஸ், பழைய வார இதழ், பேனா என்று ஒவ்வொன்றுக்கும் குழுக்கள் இருக்கின்றன. நடைமுறை எளிது. படம், விலை, நிலை, அஞ்சல் செலவு தனியா சேர்த்தா என்று போடுவார்கள். முதலில் ‘எடுத்துக்கிறேன்’ என்றவருக்குப் பொருள். பணம் ஜிபேயில் வந்ததும் பார்சல். கமிஷன் கிடையாது. பொருளுக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துப் படம் எடுக்கச் சொல்லும் குழுக்களைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சீட்டு கேட்காத குழுவில் அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டுப் பணம் சுருட்டுபவர்கள் நுழைந்துவிடுகிறார்கள்.

இங்கே விலையைவிடப் பெரிய லாபம், வாங்குபவருக்குப் பொருள் தெரியும் என்பது. காமிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் 1984இலும் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கின. அவற்றின் ஆரம்ப இதழ்களை வாங்குபவர்கள் சிறுவயதில் அதைப் படித்து, பிறகு எங்கோ தொலைத்த தமிழர்கள். எந்த இதழில் எந்த அட்டை, எந்த வருட மறுபதிப்பில் எந்தப் பக்கம் விடுபட்டது என்று அவர்கள் உங்களுக்கே சொல்லிக்கொடுப்பார்கள். ‘ஐயா, பின்னட்டை இருக்கா? நடுப்பக்கத்துல பின் போகாம இருக்கா?’ என்று கேட்கும் ஆள் ஓஎல்எக்ஸில் கிடைக்க மாட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலும் படமும் கொடுத்தால் பேரமே இருக்காது. ஆனால் மறுபதிப்பு வந்துவிட்டால், படிக்க மட்டும் வாங்குபவர்கள் விலகிப்போவார்கள். அப்புறம் நல்ல நிலையிலுள்ள மூலப் பிரதிக்கு மட்டுமே மதிப்பு. தைத்த பைண்டுக்குள் இருக்கும் வார இதழ்த் தொடர்கதைகளும் இப்படித்தான். படங்களோடு, விளம்பரப் பக்கங்களோடு முழுதாக இருந்தால் தனி மவுசு.

எச்எம்டி வாட்ச்சில் குழுக்கள் இன்னொரு நன்மையும் செய்கின்றன. பெங்களூரில் 1961இல் தொடங்கிய அந்தக் கைக்கடிகாரத் தயாரிப்பை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. அதன் பிறகு ஆசை கூடியது, கலப்படமும் கூடியது. தேய்ந்த டயலில் புது பெயிண்ட் அடித்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில், அசல் எச்எம்டியில் வராத எழுத்துகளோடு வருபவை ஏராளம். அவற்றை ரீடயல் என்பார்கள். எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்படாது. குழுவில் போட்டதும் ரெண்டு நிமிடத்தில் யாராவது ‘சார், இது ரீடயல்’ என்று சொல்லிவிடுவார். தெரிந்தே மறைத்தால் அங்கே உங்கள் பெயர் கெட்டுவிடும். தெரியாமல் போட்டால் பாடம் இலவசம். பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் எந்திரத்தின் படத்தையும் சேர்த்துப் போடுபவரிடம்தான் நான் வாங்குவேன். விற்கும்போதும் அப்படித்தான் போட வேண்டும்.

குழுவின் குறையும் உண்டு. ஏமாற்றப்பட்டால் கேட்க நாதியில்லை. அட்மின் பொறுப்பேற்க மாட்டார், தளமும் பணத்தைத் திருப்பித் தராது. புதிதாக வருபவர் முதலில் சின்னச் சின்னப் பொருள்களை விற்று, பார்சல் எண்ணைத் தவறாமல் அனுப்பிப் பெயர் வாங்க வேண்டும். அந்தப் பெயருக்குப் பிறகுதான் பெரிய விலை கேட்க முடியும். இதற்குச் சில மாதம் பிடிக்கும்.

பழம்பொருள் கடைக்காரர்களை இந்தப் பந்தயத்தில் சேர்க்கலாமா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் மங்குச்சாமான், ரவிவர்மா படம், மரத்தூண் என்று குவித்து வைத்திருப்பார்கள். அங்கே உடனே பணம், பேச்சும் சுருக்கம். ஆனால் அவர்களும் மறுபடி விற்க வேண்டுமல்லவா? விலை அதற்கேற்பத்தான் இருக்கும். ஒரு வீட்டையே மொத்தமாகக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில் மட்டும் இந்த வழி.

விற்கக்கூடாதவை, கவனம் வேண்டியவை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய சிலை, ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் போன்றவற்றைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கைப்பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டே போதும். உள்நாட்டில் தொழிலாக விற்கவும் உரிமம் வேண்டும். பரணில் ஓலைச்சுவடி கிடைத்தால் தயவுசெய்து விலை பேசாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்கள்தான் 1994இலிருந்து சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அதுபோன்ற இடத்தில் கேளுங்கள். மான்கொம்பு, தந்தம், புலிநகம் விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்தது என்பது சமாதானம் ஆகாது.

நாணய விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள்’ என்ற வீடியோக்களை நம்பி முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகள் கம்பெனி அடித்தவை அல்ல, பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்தவை. அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் கலசம் என்று யாராவது பேச்செடுத்தால் அது மோசடி, போனை வைத்துவிடுங்கள்.

வரி

வீட்டில் கிடந்ததை எப்போதாவது விற்பது வேறு, வாங்கி விற்பது வேறு. இரண்டாவது தொழில் வருமானம், கணக்கு வைக்க வேண்டும். வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. பழைய பொருளுக்கு முழு விலைக்கும் வரி கட்டாமல் லாபத்துக்கு மட்டும் கட்டும் முறையும் இருக்கிறது, ஆடிட்டரிடம் கேளுங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கும் இதழ்களுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. சிறிய முதலீட்டில் தொடங்குபவருக்கு நான் புத்தகத்தையும் காமிக்ஸையும் முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உடையாது, எடை குறைவு, தபாலில் எளிதாகப் போகும்.

விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யாரும் எதையும் கேட்கலாம். ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பாருங்கள். குழுவில் பொருளின் பெயரைத் தேடி, ‘சோல்ட்’ என்று போட்ட பழைய பதிவுகளைப் பாருங்கள். கடையில் பேரம் பேசும்போதே அந்த விற்பனை விலையிலிருந்து கமிஷன், அட்டைப்பெட்டி, போக்குவரத்து மூன்றையும் கழித்துவிடுவேன். அதன் பிறகு 200 ரூபாய்கூட மிஞ்சாது என்றால், எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இருக்கும் ரெக்கார்டாக இருந்தாலும் விற்பதற்காக அதை வாங்க மாட்டேன்.