புதுச் சுவருக்கு உடனே பட்டியா, ஒரு மழைக்காலம் பொறுப்பதா?

பூச்சு வேலை முடிந்து சாரத்தைப் பிரித்ததுமே பெயிண்ட் பேச்சு வந்துவிடும். உள்சுவருக்கு நம் ஊரில் பெரும்பாலும் மூன்று வழிதான். டிஸ்டெம்பர் என்ற மலிவுப் பூச்சை அடித்து முடித்துக்கொள்ளலாம். பட்டி பார்த்து, அதாவது மாவு மாதிரி ஒரு கலவையை இழுத்துச் சுவரை வழவழப்பாக்கி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, எமல்ஷன் பெயிண்ட் போடலாம். இல்லையென்றால் இப்போதைக்கு வெள்ளை சிமெண்ட் இரண்டு கோட் அடித்துக் குடிபோய்விட்டு, பட்டியையும் எமல்ஷனையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். எங்கள் வீட்டில் மூன்றாவதைத்தான் செய்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்டெம்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் கையோடு வரும். பிறகு எமல்ஷனுக்கு மாற நினைத்தால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். சொந்த வீட்டுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். இதில் நம் நாள்காட்டிக்கும் பங்கு உண்டு. ஆடியில் கிருகப்பிரவேசம் வைப்பதில்லை, ஆவணியில் வைப்போம். அதனால் பல வீடுகளில் ஆடியில் பூசிய சுவருக்கு ஆவணி முகூர்த்தத்துக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும். சிமெண்ட் பூச்சை ஒரு வாரமாவது நனைத்து, அப்புறம் காயவிட வேண்டும். பெயிண்ட் அடிக்கக் குறைந்தது 28 நாள் பொறுக்கச் சொல்வது வழக்கம். பூச்சின் கனம் 12 மில்லிமீட்டர்தான், அது காய்ந்துவிடும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் செங்கல் குடித்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை வேறு.

அந்த ஈரம் வெளியே வரும்போது சும்மா வருவதில்லை. புதுச் சிமெண்டில் காரம் அதிகம், பிஹெச் 12, 13 வரை இருக்கும். அந்தக் காரத்தையும், செங்கலிலும் போர் தண்ணீரிலும் இருந்த உப்பையும் சேர்த்து மேலே கொண்டுவரும். மேலே எமல்ஷன் படலம் இருந்தால் உப்பு அதன் அடியில் படிந்து பொரிந்து தள்ளும், அடர்த்தியான நிறமாக இருந்தால் திட்டுத்திட்டாக வெளுக்கும். வெள்ளை சிமெண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதுவும் காரச் சரக்குதான், ஈரம் போகவும் வழி விடும். உப்பு பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் போகலாம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது உப்பு அல்ல, விரிசல்.

புது வீட்டில் முதல் வருஷம் மயிரிழை விரிசல் வராத சுவர் அபூர்வம். காங்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும். ஒயரிங்குக்குக் காடி வெட்டி மூடிய இடத்தில் சுவிட்ச் பெட்டியிலிருந்து மேலே ஏறும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும். சிக்கன் மெஷ் என்ற கம்பி வலையை வைத்துப் பூசினால் குறையும், அடியோடு நிற்காது. இப்போது இதைச் சரிசெய்யும் கணக்கைப் பாருங்கள். எமல்ஷன் சுவரில் ஒரு அடி நீள விரிசலைக் கீறி, அடைத்து, தேய்த்து, அதே டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டைத் தொட்டு அடித்தாலும் திட்டு தெரியும். பகலில் தெரியாமல் போகலாம், சாயங்காலம் சுவரை ஒட்டிய டியூப் லைட்டைப் போட்டதும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ரோலர் ஓட்டிய இடமும் பிரஷ் தொட்ட இடமும் வெளிச்சத்தை ஒரே மாதிரி வாங்குவதில்லை. கடைசியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். ஒரு அடி விரிசலுக்கு நூறு சதுர அடி பெயிண்ட்.

வெள்ளை சிமெண்ட் சுவரில் விரிசல் வந்தால் பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு விட்டுவிடலாம். மழைக்காலம் போய், ஒரு கோடையும் பார்த்த பிறகு எல்லாக் குறியையும் சேர்த்து ஒரே தடவையில் கீறி அடைத்து, அதன் மேல் பட்டி. அதற்குள் சுவர் ஓரளவு அடங்கியிருக்கும்.

வெள்ளை சிமெண்ட் அடிப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சுவரை நனைத்துக்கொண்டு அடிக்க வேண்டும், மறுநாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். பெயிண்டர்கள் இந்தத் தெளிப்பைத்தான் விட்டுவிடுவார்கள், அப்புறம் சாய்ந்த சட்டையெல்லாம் வெள்ளை. பின்னால் சிமெண்ட் பட்டி பார்க்கும்போது உதிரும் பொடியை உப்புத்தாளால் தேய்த்து, சுவரை நனைத்தால் பிடித்துக்கொள்ளும். இதே இடத்தில் மலிவு எமல்ஷனைத் தற்காலிகமாக அடித்து வைத்தால், அந்தப் படலம் தண்ணீரை உறிஞ்சாது. அதன் மேல் சிமெண்ட் பட்டி சரியாக ஒட்டாது, சுரண்டத்தான் வேண்டும்.

உடனே பட்டி பார்ப்பதற்கும் நியாயம் இருக்கிறது. கொத்தனார் பூச்சைத் தேய்த்த மணியாசுக் கட்டையின் தடம் எல்லாம் மறைந்து சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், விசேஷத்துக்கு வந்தவர்கள் தடவிப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய நியாயம் தூசி. காலி வீட்டில் பட்டியைத் தேய்ப்பது வேறு, பீரோவும் கட்டிலும் போட்ட வீட்டில் தேய்ப்பது வேறு. பாலித்தீன் போட்டு மூடினாலும் அந்த மாவு அரிசி டப்பா மூடி வரைக்கும் போகும். அறை அறையாகச் செய்தால் தாங்கலாம். கூலியும் இரண்டு தடவை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே குடிபோகும் முன் எல்லாவற்றையும் முடித்துவிடுவது நல்லது.

அப்படி முடிப்பதென்றால், தேதியை நம்பாமல் சுவரைப் பாருங்கள். ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். முதல் தடவை வெளிர் நிறமே போதும்.

இவ்வளவும் செங்கல் சுவரில் சிமெண்ட் பூசிய வீடுகளை வைத்துச் சொன்னது. ஜிப்சம் பூச்சுக்கு இது பொருந்தாது. அதில் சிமெண்டின் காரம் இல்லை, பரப்பும் வழவழப்பாகவே வரும், பெரும்பாலும் பட்டியே தேவைப்படாது. வாடகைக்கு விடும் வீடென்றால் நானே கூட ஒரு வருஷம் காத்திருக்க மாட்டேன், சுவர் காய்ந்ததும் பிரைமர் ஒரு கோட், மலிவு எமல்ஷன் இரண்டு கோட் அடித்துச் சாவியைக் கொடுத்துவிடுவேன்.