முதல் நாள் போட்டோவை நம்பிப் புருவத்தைக் கொடுக்காதீர்கள்

புருவத்தைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு எங்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை, அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம். பார்லர் பெயர் வேண்டாம். கல்யாணத்துக்கு 12 நாள் இருக்கும்போது மைக்ரோபிளேடிங் (கைப்பிளேடால் தோலைக் கீறி, முடி மாதிரிக் கோடு கோடாக நிறமி ஏற்றுவது) செய்துகொண்டிருக்கிறார். மரத்துப்போக கிரீம் தடவியதிலிருந்து பில் போட்டது வரை மொத்தமே 45 நிமிடம். அன்று எடுத்த போட்டோவில் ஒவ்வொரு கோடும் முடி மாதிரியே இருக்கிறது. எட்டு மாதம் கழித்து நாங்கள் பார்த்தபோது கோடு என்று ஒன்றுகூட இல்லை. மூக்குப் பக்கம் சதுரமாக முடியும் ஒரு பட்டை, சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் வலது புருவத்தில் மெல்லிய தழும்புகள் மேடாகத் தெரிகின்றன.

முதல் நாளில் எல்லாப் புருவமும் அழகாகத்தான் இருக்கும். கீறலில் நிறமி புதிதாக நிற்கும், கோடு கூர்மையாகத் தெரியும். அது நிலைக்குமா என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. நிறமி மேல்தோலைத் தாண்டி உள்தோலின் மேல்மட்டத்தில் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம். மேலோடு நின்றுவிட்டால் பொருக்கோடு உதிர்ந்து ஒரே மாதத்தில் காணாமல் போகும். ஆழமாக இறங்கினால் ரத்தம் வழியும், நிறமி பக்கவாட்டில் பரவும், தழும்பு விழும், கறுப்பு நீலமாகும். நம் பாட்டிமார் கையில் விளக்குக் கரியால் குத்திய பச்சை, கரி நிறத்தில் இல்லாமல் நீலம் பாய்ந்து தெரிவதை நினைத்துப் பாருங்கள். தோலுக்கடியில் ஒளி சிதறுவதால் வரும் அதே மாற்றம்தான் இது. ஊசி முனையளவு ரத்தப் புள்ளி வந்தால் பயப்பட வேண்டாம். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு எண்ணெய்ச் சருமம். அதில் கைப்பிளேடால் போட்ட கோடு ஆறும்போதே கசிந்து தடிக்கும். இந்தச் சருமத்துக்கு மெஷினில் ஒற்றை ஊசியால் புள்ளி புள்ளியாக வைக்கும் பவுடர் முறைதான் பொருத்தம். அவருக்குப் போட்டது சுத்தக் கறுப்பு. மாநிறத்தில் நிறமிக்கு மேலே தோலின் சொந்த நிறமும் படிந்திருப்பதால், எந்த நிறமும் ஆறியபின் ஒரு படி சாம்பலாகத்தான் தெரியும். அதனால் லேசாக ஆரஞ்சுச் சாயல் உள்ள பிரவுன் எடுப்பதுதான் சரி. அதற்காகச் சிவப்பு தூக்கலான கலவைக்கும் போகக்கூடாது. இரும்பு ஆக்சைடு நிறமிகளில் மற்ற நிறங்கள் முன்னால் மங்கி, கடைசியில் புருவம் செங்கல் நிறத்தில் நிற்கும்.

இயற்கையாகத் தெரிவதில் பாதி, கோடு போகும் திசையில் இருக்கிறது. உங்கள் புருவத்தையே கண்ணாடியில் நெருங்கிப் பாருங்கள். மூக்குப் பக்கம் முடி நிமிர்ந்து, கலைந்து, இடைவெளி விட்டு நிற்கும். போகப் போகச் சாயும். நடுவில் மேல்வரிசை கீழ்நோக்கியும் கீழ்வரிசை மேல்நோக்கியும் வந்து ஒரு முதுகெலும்பு போலச் சேரும். வாலில் எல்லாம் படுத்துக்கொள்ளும். அந்தப் பெண்ணின் முதல் நாள் போட்டோவைப் பெரிதாக்கினால், எல்லாக் கோடும் ஒரே நீளத்தில், சீப்புப் பல் மாதிரி ஒரே சாய்வில் நிற்கின்றன. நடுவில் பல கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டும் இடத்தில் நிறமி இரட்டிப்பாகிப் பொட்டாகும். கோடு ஆறும்போது எப்படியும் தடிக்கும் என்பதால் இரண்டு கோட்டுக்கு நடுவே வெறும் தோலை விட்டே தீர வேண்டும். மூக்குப் பக்க விளிம்பில் எல்லைக்கோடே கூடாது. அங்கே மிக லேசான அழுத்தத்தில் மூன்று நான்கு குட்டைக் கோடுகள் போதும்.

அளவெடுப்பதும் அப்படித்தான் நிதானமாக நடக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, கண் திறந்து, முகத்தைத் தளர விட்டிருக்கும்போது நூல் பிடித்து வரைய வேண்டும். படுத்தால் தோல் நகர்ந்துவிடும். கண்ணாடியைக் கையில் கொடுத்து, நீங்கள் சரி சொன்ன பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். நல்ல கை இதற்கே அரை மணிக்கு மேல் எடுக்கும். கிரீம் வேலை செய்ய 20 நிமிடமாவது ஆகும். 45 நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்கு எது நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

12 நாள் கணக்கும் ஏமாற்றுதான். முதல் 4 நாள் கரியாக அடர்ந்திருக்கும். பிறகு சுமார் 10-ஆம் நாள் வரை பொருக்கு உதிரும். அடுத்த வாரங்களில் திட்டுத் திட்டாக வெளுத்து, 4 முதல் 6 வாரத்தில்தான் உண்மையான நிறம் வரும். மங்கிய இடங்களில் மறுபடி நிறமி வைக்கும் டச்-அப் 6 முதல் 8 வாரத்தில். அதாவது முகூர்த்தத்துக்கு 3 மாதம் முன்பே தொடங்க வேண்டும். இங்கே ஆறாத புண்ணின் மேல் நலங்கு மஞ்சளும் எண்ணெயும் பட்டன, அதன்மேல் மேக்கப். வேண்டாம் என்று பார்லரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய போட்டோ, செய்து 6 வாரம் கடந்தது, ஃபில்டர் இல்லாதது, உங்களைப் போன்ற சருமம் உள்ளவருடையது. ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கட்டும்; காலாவதித் தேதி பாருங்கள். நிறமியில் குழாய்த் தண்ணீர் கலந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கெலாய்டுத் தழும்பு (காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) வரும் உடம்பு, கர்ப்பம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, முகப்பருவுக்குச் சமீபத்தில் ஐசோட்ரெட்டினோயின் சாப்பிட்டது, இவை எதையும் கேட்காமல் ஊசியை எடுப்பவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கெட்டுவிட்டதா? தோல் நிறத்தில் இன்னொரு நிறமி போட்டு மறைக்கலாம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிர் நிறமிகளில் உள்ள டைட்டானியம் டை-ஆக்சைடும், இரும்பு ஆக்சைடும் பின்னால் நிறமியை நீக்க லேசர் அடித்தால் கறுத்துவிடக்கூடும். தோல் மருத்துவரிடம், ஒரு சிறு புள்ளியில் சோதித்துப் பார்த்த பிறகே முழு லேசர். கண்ணுக்கு உலோகக் கவசம் கட்டாயம். ஒரே தடவையில் போகாது, பல வார இடைவெளி விட்டுப் பல தடவை ஆகும். தழும்பை அது எடுக்காது.

என்ன நிறமி போட்டார்கள் என்று தெரிந்தால் லேசர் மருத்துவருக்குப் பெரிய உதவி. பாட்டில் லேபிளைச் செய்யும் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் பெண்ணிடம் அது இல்லை. பார்லருக்குப் போன் செய்து கேட்டதற்கு, "இம்போர்ட்டட் மேடம்" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.