கார் லோனை முன்கூட்டியே அடைத்தேன், ஆர்.சி.யில் இருந்த அந்த ஒரு வரியைத் தவிர

தங்கை வீட்டில் புது கார் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததும் மாப்பிள்ளை போய் புக் பண்ணிவிட்டார். அதே காரை 2023 மார்ச்சில் நான் வாங்கியபோது 28 சதவீத வரி, அதற்கு மேல் ஒரு சதவீதம் செஸ். அந்த வயிற்றெரிச்சல் தனிக்கதை, விடுங்கள். போன வாரம் அவர் போனில் கேட்டது இதுதான்: “மச்சான், நீங்க ரெண்டே வருஷத்துல லோனை குளோஸ் பண்ணீங்களே, நிஜமாவே லாபமா? நானும் பண்ணிடலாமா?”

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எட்டு லட்சம் கடன், 9 சதவீதம், கடைசிவரை மாறாத ஃபிக்ஸட் வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை 16,607 ரூபாய். 24 தவணை கட்டியபோது மிச்சம் 5,22,000 சொச்சம். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினால் ஐந்தில் இரண்டு பங்கு கடன் கழிந்திருக்கும் என்றுதான் மனசு நினைக்கும். கழிந்தது 35 சதவீதம்கூட இல்லை. முதல் தவணையிலேயே 6,000 ரூபாய் வட்டிக்குப் போய்விடுகிறது. ஐந்து வருடத்துக்குமான மொத்த வட்டி 1,96,400. அதில் 1,20,800 முதல் இரண்டு வருடத்திலேயே வங்கிக்குப் போயாகிவிட்டது. மிச்சமிருந்த 36 தவணைகளில் வட்டி என்று பார்த்தால் 75,600 ரூபாய்தான்.

அந்த 75,600-ஐ மிச்சப்படுத்தத்தான் சீட்டுப் பணம், போனஸ் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மவுண்ட் ரோடு பக்கம் இருக்கும் வங்கியின் லோன் பிரிவுக்குப் போனேன். முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் மிச்சக் கடனில் 3 சதவீதம், அதாவது 15,667 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 18,487. கடனைத் திருப்பிக் கொடுப்பதற்கும் வரி உண்டு என்பதை அன்றைக்குத்தான் ரசீதில் பார்த்தேன். ஆக மொத்தம் 5,40,715. இது போக, பணம் கட்டும் தேதி வரைக்கும் நாளுக்கு 129 ரூபாய் வட்டி.

நியாயமாகப் பேசினால் இதில் வங்கியைக் குறை சொல்ல முடியாது. நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிற கட்டணம்தான். 2025 ஜூலை 2-ல் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கும் வட்டிக் கடன்களை, தொழிலுக்காக இல்லாமல் சொந்தத் தேவைக்கு வாங்கிய தனிநபர்கள் முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது என்று. ஆனால் நம் ஊரில் கார் லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட். அந்தச் சலுகை நமக்கு இல்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் 6.5-லிருந்து 5.5-க்கு இறங்கியதே, அந்தக் காற்றும் ஃபிக்ஸட் பக்கம் வீசாது.

இப்போது மாப்பிள்ளை கவனமாகப் படிக்க வேண்டிய இடம். நான் லோனை அடைக்காமல் 5,38,000 ரூபாயை 7 சதவீதம் வட்டி தரும் இடத்தில் போட்டு, அதிலிருந்தே மாதாமாதம் தவணையை எடுத்துக் கட்டியிருந்தால் 36 தவணையும் முடிந்து பணமும் சரியாகத் தீர்ந்திருக்கும். நான் அடைக்கக் கொடுத்தது 5,40,715. அதாவது ஃபிக்ஸட் டெபாசிட்டே மேல்! வட்டிக்கு 20 சதவீதம் வருமான வரி போகும் என்று வைத்தால் 5,49,000 தேவைப்பட்டிருக்கும். ஆகவே எனக்கு லாபம் எட்டாயிரம் சொச்சம். மூன்று வருடத்துக்கு எட்டாயிரம். வேளச்சேரியிலிருந்து வேலைக்குப் போய்வரும் பெட்ரோலுக்குக்கூட எத்தனை நாள் வரும் என்று தெரியவில்லை.

சரி, பணம் கட்டியதில் ஒரு குறையும் இல்லை. கணக்குத் தீர்க்கும் கடிதத்தில் எழுதியிருந்த தொகை ரூபாய் சுத்தமாகச் சரியாக இருந்தது. கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாக ஒவ்வொரு வரியும் விளக்கினார். கட்டி முடித்தும் அடுத்த 5-ம் தேதி பழையபடி ஒரு தவணையை எடுத்தார்கள், சில நாளில் தானாகவே திருப்பியும் போட்டார்கள். ஆட்டோ டெபிட் அனுமதியைத் தனியாக ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் ‘குளோஸ்ட்’ என்று சீக்கிரமே வந்துவிட்டது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் இந்தத் தகவலைக் குறைந்தது பதினைந்து நாளைக்கு ஒரு தரம் அனுப்பியாக வேண்டும்.

இதுவரைக்கும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுக்கலாம்.

மிச்சம் அரை நட்சத்திரத்தோடு கையிலிருந்த பொறுமையையும் சேர்த்துத் தின்றது ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில் இருக்கும் அந்த ஒரு வரிதான். கடன் கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் வங்கியின் பெயர். லோன் முடிந்தால் அது தானாகப் போய்விடும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். போகாது. பெயரை எடுக்க ஆட்சேபம் இல்லை என்று வங்கி என்.ஓ.சி. கொடுக்க வேண்டும், படிவம் 35-ல் நாமும் வங்கியும் கையெழுத்துப் போட வேண்டும், அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஆர்.சி. ஸ்பீடு போஸ்ட்டில் வரும்.

பணம் வாங்கியதும் வங்கிக்கு வேலை முடிந்துவிட்டது. என்.ஓ.சி. எப்போது வரும் என்று கேட்டால், “சிஸ்டத்துல ஜெனரேட் ஆயிடுச்சு சார், டிஸ்பாட்ச்ல இருக்கு.” மறுபடியும் கேட்டால் டிஸ்பாட்ச்சில்தான் இருக்கிறது. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம், தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டால் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும். தவணை ஒரு நாள் தாமதமானால் நம் போனைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறவர்களுக்கு, ஒரு காகிதம் எந்த மேஜையில் கிடக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, மாப்பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். 2023 செப்டம்பர் 13-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது, 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. தனிநபர் வாங்கிய கடனை முழுதாக அடைத்த 30 நாளைக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வீட்டுப் பத்திரத்துக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். தலைப்பிலேயே அசையும் சொத்தும் இருக்கிறது. இதைச் சொல்லி, தேதியைப் போட்டு, குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். டிஸ்பாட்ச்சில் இருந்த என்.ஓ.சி.க்கு உடனே கால் முளைத்தது. அதற்கும் மசியாவிட்டால், புகார் கொடுத்து 30 நாள் கழித்து வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

வந்த காகிதத்தில் சேசிஸ் எண் தப்பு. இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேசிஸ் எண் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பிவிடக் கூடாது என்றே அதில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றையும் பயன்படுத்துவதில்லை. அப்படி உலகமே யோசித்து ஒதுக்கிய ஓ எழுத்தை, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் தேடிப்பிடித்து டைப் செய்திருந்தார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அது அவர்கள் குற்றமில்லை, நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். வாசலில் இருந்த ஏஜென்ட் ஒருவர் காகிதத்தை ஒரு பார்வை பார்த்து, “இது நம்ம பேங்க்காரங்க எப்பவும் பண்றதுதான் சார், குடுங்க பாத்துக்கலாம்” என்றார். குடுக்கவில்லை. பிடிவாதம்தான், வேறொன்றுமில்லை. திரும்ப வங்கி, திரும்ப மெயில், திரும்ப டிஸ்பாட்ச். என்.ஓ.சி.க்கு 90 நாள்தான் ஆயுள் என்று அதிலேயே அச்சடித்திருந்தார்கள். அவர்களின் தாமதத்துக்கு மட்டும் எந்தக் காகிதத்திலும் ஆயுள் குறிப்பு இல்லை.

“பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, கத்திப்பாராவுல நிறுத்துற போலீஸ்காரர் அதையா பாக்கப் போறார்?” என்று வீட்டில் கேட்டார்கள். ஓட்டுகிறவரைக்கும் ஒன்றுமில்லைதான். விற்கப் போகும் அன்று வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த வரியை. அதைவிட முக்கியம், வேளச்சேரிக்காரனுக்கு இன்சூரன்ஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நின்ற கார்களின் கதி இந்த ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் மழை எச்சரிக்கை வந்தாலே ஆளாளுக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிடுகிறோம். பக்கத்து அபார்ட்மெண்டில் ஒருவரின் கார் மொத்தமாகப் போய்விட்டது. இன்சூரன்ஸ் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போய், மிச்சம்தான் அவர் கைக்கு வந்தது. கடன் பாக்கி இருக்கும்போது அது நியாயம். கடனே இல்லாதபோதும் பாலிசியில் வங்கியின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தால், தண்ணீர் வடிவதற்குள் என்.ஓ.சி. தேடி ஓட வேண்டியிருக்கும். பாலிசி புதுப்பிக்கும்போது பழைய பெயர் அப்படியே நகலாகி வந்துவிடும். ஆர்.சி. மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனியாக எழுதிப் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த வேலை மட்டும் ஒரு மெயிலில் முடிந்தது, அதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஒருவழியாக எம்-பரிவாகன் ஆப்பில் அந்த இடம் காலியானது. காலி இடத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. 5-ம் தேதி வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று 3-ம் தேதியே பார்க்கிற பழக்கமும் விட்டுப்போனது. இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் எட்டாயிரத்துக்கு மேலேயே பெறும்.

அப்போ மாப்பிள்ளை அடைக்கலாமா? வேண்டாம் என்பதுதான் என் பதில். அடைக்கலாம் என்ற எண்ணம் இப்போதே இருந்தால், லோனையே குறுகிய காலத்துக்கு வாங்கியிருக்க வேண்டும். அதே எட்டு லட்சத்தை 9 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் தவணை 25,440, மொத்த வட்டி 1,15,800 ரூபாய். ஐந்து வருடத்துக்கு வாங்கி இரண்டே வருடத்தில் அடைத்த நான் வட்டியும் கட்டணமுமாகக் கொடுத்தது 1,39,000-க்கு மேல். மூன்று வருடம் நிதானமாகக் கட்டுகிறவர் என்னைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார். ஷோரூமில் “அஞ்சு பர்சன்ட் ஃப்ளாட்தான் சார்” என்பார்கள், அதில் மயங்கக் கூடாது. எட்டு லட்சத்துக்கு ஐந்து வருடம் 5 சதவீத ஃப்ளாட் என்றால், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி, ஆக இரண்டு லட்சம். மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் அது 9-க்கும் கொஞ்சம் மேலே. 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்கள் வாங்கும் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும், அதில் உண்மையான வருட வட்டியும் முன்கூட்டி அடைக்கும் கட்டணமும் எழுதியிருக்கும். அந்த ஒரு தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். சில அரசு வங்கிகள் கார் லோனையும் ஃப்ளோட்டிங்கில் தருகின்றன, அங்கே கட்டணப் பிரச்சினையே இல்லை.

இதையெல்லாம் அவருக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த கார் வாங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். நான் மறுபடியும் முன்கூட்டியே அடைப்பேன், கட்டணம் கேட்டால் கட்டணத்தோடு. ஆனால் வங்கி என்.ஓ.சி.யைக் கையில் கொடுக்கும்போது, கவுன்டரை விட்டு நகராமல் 17 எழுத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பேன். மாப்பிள்ளை ஏற்கெனவே ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். சீட் கவரும் மேட்டும் இலவசமாகக் கொடுத்தார்களாம்.