பழைய ரைனோ 660 வாங்குமுன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

டெக்சாஸில், பண்ணை வண்டிகளைப் பழையதாக வாங்கி விற்கும் ஒருவரிடம் யமஹா ரைனோ 660 வாங்கினேன். இரண்டு பேர் அருகருகே உட்காரும், கரடுமுரடான தரையில் ஓட்டும் சின்ன நாலு சக்கர வண்டி அது. "ரீகால் வேலையெல்லாம் முடிந்த வண்டி", அதாவது பாதுகாப்புக் குறைக்காகக் கம்பெனி அறிவித்த ரிப்பேர் முடிந்தது என்று உறுதியாகச் சொன்னார். அது பச்சைப் பொய்.

சமதரையில், மெதுவாகத்தான், கொட்டகையைச் சுற்றித் திருப்பினேன். உள்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. பக்கத்தில் என் மகன். நல்லவேளையாக வண்டி திரும்பத் தரையில் உட்கார்ந்தது. டீலர் கடையில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால், எந்த வேலையும் நடந்ததாகப் பதிவே இல்லை.

இந்த வண்டியின் கதை சின்னதல்ல. 2003 கடைசியில் விற்பனைக்கு வந்தது. கவிழும்போது காலையோ கையையோ வெளியே ஊன்றப்போய் நசுங்கியவர்கள் பலர். 2007-ல் கதவும் கைப்பிடியும் இலவசமாகப் பொருத்தித் தருவதாக யமஹா அறிவித்தது. அது போதவில்லை. 2009 மார்ச்சில், 46 மரணங்களை விசாரித்த அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ரிப்பேர் ஆகும்வரை யாரும் ஓட்டக்கூடாது என்றது. யமஹாவும் விற்பனையை நிறுத்திவைத்தது. ஆணையம் விசாரித்த சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்த விபத்துகள். அவற்றில் பல, என் கொட்டகைப் பக்கம் நடந்ததைப் போலவே, சமதரையில் குறைந்த வேகத்தில் திருப்பும்போது நடந்தவை. பெல்ட் போடாதவர்களும் நிறைய.

ரிப்பேர் ஒன்றும் பெரிய வேலையில்லை. பின்சக்கரங்களைச் சற்று அகலத் தள்ளிவைக்க ஸ்பேசர் என்ற இடைத்துண்டு பொருத்துவார்கள்; இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்வே பார் என்ற குறுக்குக் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். அதைக்கூடச் செய்யாமல் ஒரு குடும்பத்தின் தலையில் கட்டியிருக்கிறார் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேட்டதற்கு, "உள்ளது உள்ளபடி வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார். அப்புறம் போனை எடுப்பதே இல்லை. மாநில அரசின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ரைனோவில் 450, 660 என்று இந்த ரிப்பேர் தேவைப்பட்ட இரண்டு மாடல்களில் எது வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி இன்னும் இருந்தால் வேலை நடக்கவில்லை. கம்பி இல்லையென்றாலும் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியை மட்டும் யாராவது கழற்றியிருக்கலாம். வண்டி எண்ணை யமஹா டீலரிடம் நீங்களே கொடுத்துச் சரிபாருங்கள். விற்பவர் காட்டும் பழைய ரசீதை நம்பாதீர்கள், அது வேறு வண்டியுடையதாகவும் இருக்கலாம்.