ஐயாயிரம் முட்டை அடைகருவியுடன் ஆறு ஆண்டுகள்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வளவின் பின்புறத்தில் சிறிய அளவில் நடந்துவந்த குஞ்சு பொரிப்பகத்தைப் பெருப்பிக்கும் எண்ணத்துடன், 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஐயாயிரம் முட்டை கொள்ளும் தானியங்கி அடைகருவி ஒன்றையும் அதற்குத் துணையாகப் பொரிப்புப் பெட்டி ஒன்றையும் வாங்கினோம். அதுவரை மரப்பெட்டிக்குள் மின்குமிழ் பூட்டி, ஐந்நூறு முட்டைகளைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணிக்கொரு தடவை தட்டுகளைத் தானே சரிக்கிறது, 37.5 பாகை செல்சியஸைப் பிசகாமல் பிடித்து வைத்திருக்கிறது. பதினெட்டாம் நாள் முட்டைகளைப் பொரிப்புப் பெட்டிக்கு மாற்றினால் இருபத்தோராம் நாள் குஞ்சு வருகிறது. கட்டுப்பாட்டுப் பலகை ஒருமுறை பழுதானபோது, விற்றவர்கள் உதிரிப்பாகத்துக்கு இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள் என்பது ஒன்றுதான் என் மனக்குறை.

ஆனாலும் முதல் ஓராண்டில் நூறு முட்டை வைத்தால் அறுபது குஞ்சு தேறவில்லை. பழைய மரப்பெட்டியே இதைவிட நன்றாகப் பொரித்தது. விளக்கில் பிடித்துப் பார்க்கும்போது வெறுமையாகத் தெரிந்த முட்டைகளையெல்லாம் கரு கட்டாதவை என்று ஒதுக்கி, பழியைச் சேவல்களில் போட்டு, பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் என்றிருந்த கணக்கை எட்டுக்கு ஒன்று என்று மாற்றியும் பயன் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருநாள், ஒதுக்கிய முட்டைகளில் முப்பதை வெள்ளைப் பீங்கானில் ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினோம். பாதிக்கு மேற்பட்டவற்றில் மஞ்சட்கருவின் மேல் நூல் சுற்றியதுபோல ஒரு சிவப்பு வளையம் கிடந்தது. கரு கட்டி, வளரத் தொடங்கி, முதல் சில நாட்களிலேயே செத்துப்போனதன் அடையாளம் அது. சேவல்களை வீணாகக் குறை சொல்லியிருந்தோம்.

காரணம் நாங்கள் பெருப்பித்த விதத்திலேயே இருந்தது. ஐந்நூறு முட்டை இரண்டு நாளில் சேர்ந்துவிடும். பெரிய கருவியின் தட்டுகளை நிரப்புவதற்கோ எட்டு, ஒன்பது நாள் முட்டை சேர்த்தோம். சேர்த்து வைத்த இடம் தகரக் கூரை போட்ட களஞ்சிய அறை. சித்திரை, வைகாசியில் அது நண்பகலில் 33 பாகைக்குக் குறையாது. முட்டை இருக்கும் இடத்தின் வெப்பம் 24 பாகையைத் தாண்டினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். இரவில் தணிந்தால் தடைப்படும். இப்படி ஏறி இறங்கிய கரு அடைகருவிக்குள் போனதும் தாங்காது. சிறிய அறையொன்றுக்குக் குளிரூட்டி பூட்டி 18 பாகையில் வைத்து, ஏழு நாளுக்குமேல் எந்த முட்டையையும் வைப்பதில்லை என்று முடிவெடுத்து, வாரத்துக்கு இரண்டு முறை அடைவைக்கத் தொடங்கிய பிறகே கணக்கு நேரானது. கருவிக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்த அறைக்குச் செலவானது அற்பம்.

அங்கும் ஒரு பிழை விட்டோம். குளிரறையிலிருந்து எடுத்த முட்டைகளை நேரே கருவிக்குள் ஏற்றினோம். எங்களிடம் வேலைசெய்யும் அக்கா ஒரு காலையில் தட்டைத் தொட்டுவிட்டு, "தம்பி, முட்டை வேர்த்திருக்கு" என்றார். ஓட்டில் படியும் அந்த ஈரம் நுண்துளைகள் வழியாகக் கிருமியை உள்ளே இழுத்துவிடும். இப்போது முதல் நாள் மாலையே வெளியே எடுத்து, காற்றாடிக்கு முன்னால் வைத்துவிடுகிறோம்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்ற காலத்தை மறக்க முடியாது. டீசல் கிடைக்காமல் மின்பிறப்பாக்கி நின்ற ஓர் இரவு, முட்டை குளிர்ந்துவிடும் என்று பயந்து கருவியைக் கம்பளியால் மூடினோம். இளம் முட்டைகளுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இரண்டு வாரம் கடந்த முட்டைகளோ தாமே சூட்டை வெளிவிடுபவை. விசிறி நின்றதால் அந்தச் சூடு மேலே திரண்டு, மேல்தட்டுகளில் பதினாறு, பதினேழு நாள் முட்டைகள் அவிந்து போயின. கதவைத் திறந்து வைத்திருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். அதன் பின்னர் முதிர்ந்த முட்டைகளை எப்போதும் கீழ்த்தட்டுகளிலேயே அடுக்குகிறோம்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதால், ஈரப்பதன் தெளிக்கும் முனைகள் மூன்று மாதத்தில் வெள்ளை படிந்து அடைத்துக்கொண்டன. ஈரப்பதன் காட்டி 55 என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பதினெட்டாம் நாள் தட்டை நிறுத்துப் பார்த்தால், முட்டையின் நீர் வற்றுவதால் பன்னிரண்டு வீதம் அளவில் இருக்கவேண்டிய நிறைக்குறைவு பதினைந்தைத் தாண்டியிருந்தது. காட்டியை நம்புவதைவிடத் தராசை நம்புவது நல்லது என்பேன். இப்போது மாரி மழையைத் தொட்டியில் சேர்த்துக் கருவிக்கு அதையே விடுகிறோம்.

இரண்டாவது அடைகருவிக்கு விலை கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னதாகக் குளிரறையைப் பெரிதாக்கும் வேலை நடக்கிறது. களஞ்சியத்தின் தகரத்தைப் போன கிழமை கழற்றியாகிவிட்டது.