வீட், பார்சல், வெப்பேக், இலெவன்டி: எச்டிஎம்எல் பக்கங்களை எதனிடம் கொடுப்பது?

அறுகம்பையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு, அறைகள், விலை, அலைச்சறுக்கு வகுப்பு, படங்கள், தொடர்பு என்று ஆறு பக்கம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழி. மொத்தம் 18 எச்டிஎம்எல் கோப்புகள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து இணையத்தள வேலை செய்கிறவர்களுக்கு இந்த அளவு பழக்கமானது. மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் விற்கும் கடைக்கும், கல்லடியில் ஒரு டியூட்டரிக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். ரியாக்ட் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம். ஆனால் சிஎஸ்எஸ் சுருங்க வேண்டும், படங்களின் பெயரில் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) ஏற வேண்டும், மெனுவில் ஒரு சொல்லை மாற்றினால் அந்த மொழியின் எல்லாப் பக்கத்திலும் மாற வேண்டும்.

இதற்கு எந்த பில்ட் டூல் (எழுதிய கோப்புகளைத் தளத்தில் ஏற்றும் வடிவத்துக்குக் கட்டித் தரும் கருவி; தலைப்பில் உள்ள நான்கும் இந்த வகை) என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது வேகக் கணக்குதான். 18 பக்கத் தளத்துக்கு எந்த டூலும் போதிய வேகம் உள்ளதுதான், அதை விட்டுவிடலாம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்த டூல் எச்டிஎம்எல்லைத் தொடக்கப் புள்ளியாக எடுக்கிறதா, ஜாவாஸ்கிரிப்ட் வேலை முடிந்தபின் வரும் விளைவாக எடுக்கிறதா? கொன்பிக் கோப்பில் (டூலின் அமைப்புகளை எழுதும் கோப்பு) நமக்கு வரும் தலையிடியில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது.

வெப்பேக்: ஜாவாஸ்கிரிப்ட் முதலில், பக்கம் பிறகு

2012இல் டோபியாஸ் கொப்பர்ஸ் தொடங்கிய வெப்பேக், துணையில்லாமல் வாசிப்பது ஜாவாஸ்கிரிப்டையும் ஜேசனையும்தான். எச்டிஎம்எல் கோப்பை நேரே கொடுத்தால், இதற்கு ஒரு லோடர் (அந்த வகைக் கோப்பை வாசிக்க உதவும் துணை) வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். அதனால் எச்டிஎம்எல்-வெப்பேக்-பிளகின் என்ற துணை நிரலைச் சேர்க்கிறோம். நாம் கொடுக்கும் டெம்ப்ளேட்டில், கட்டிய பண்டிலுக்கான (ஒன்றாகச் சேர்த்த ஸ்கிரிப்ட் கோப்பு) ஸ்கிரிப்ட் டாக்கைச் செருகி ஒரு பக்கமாக எழுதித் தருவது அதன் வேலை.

ஒரு பக்கச் செயலிக்கு (ஒரே எச்டிஎம்எல் பக்கத்துக்குள் எல்லாம் ஓடும் செயலி) இது நன்றாகப் பொருந்தும். நம்முடைய கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தால்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். பக்கத்துக்கு ஒரு தடவை பிளகினை அழைக்க வேண்டும். பெயர்களை ஒரு அரேயில் போட்டு லூப் ஓட்டினால் அது முடிந்துவிடும். ஆனால் எந்தப் பக்கத்துக்கு எந்த என்ட்ரி (தொடக்கக் கோப்பு) என்று 'சங்ஸ்' அமைப்பில் சொல்லாவிட்டால், எல்லா என்ட்ரியும் எல்லாப் பக்கத்திலும் ஏறிவிடும். படங்கள் பக்கத்துக்கு எழுதிய ஸ்லைடர் ஸ்கிரிப்ட் தொடர்புப் பக்கத்திலும் இறங்கும். தளம் ஓடும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. அதனாலேயே கனகாலம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

அடுத்தது படம். டெம்ப்ளேட்டில் சாதாரணமாக எழுதிய இமேஜ் டாக்கை அந்த பிளகின் தொடாது. பில்ட் முடிந்து, விளைவு வந்து சேரும் டிஸ்ட் கோப்புறையைத் திறந்தால் பக்கம் இருக்கும், படம் இருக்காது. எச்டிஎம்எல்-லோடரைச் சேர்த்தால் படங்களைத் தேடிப்பிடித்து, ஹாஷ் பெயர் கொடுத்து, உரிய இடத்தில் வைக்கும். நல்லது. ஆனால் அந்த லோடர் வந்த உடனே, டெம்ப்ளேட்டில் சதவீதக் குறி போட்டு எழுதிய மாறிகள் செத்துவிடும். பக்கத் தலைப்பு வரவேண்டிய இடத்தில் அந்தக் குறிகளே பிரவுசரில் தெரியும். காரணம் இதுதான்: எச்டிஎம்எல்லுக்கு வேறு லோடர் எதுவும் இல்லாதபோதுதான் பிளகின் தன்னிடமுள்ள லோடாஷ் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும். இன்னொன்று வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். டெம்ப்ளேட்டின் நீட்டிப்பை ஈஜேஎஸ் என்று மாற்றி, படங்களை அதற்குள் 'ரெக்வயர்' மூலம் அழைத்தால் இரண்டும் கிடைக்கும். கிடைக்கும், ஆனால் டெம்ப்ளேட்டை அதன் பிறகு ஒரு வடிவமைப்பாளர் திறந்து பார்த்தால் முழிப்பார்.

எச்டிஎம்எல்லையே என்ட்ரியாக எடுக்கும் வேறு பிளகின்களும் வெப்பேக்குக்கு உண்டு. அவ்வளவு தூரம் வந்தபின், அந்தப் பார்வையோடே பிறந்த டூலுக்கு மாறுவது சுலபம் என்பது என் எண்ணம். ஏற்கெனவே வெப்பேக்கில் கட்டி, வருமானமும் பார்த்துக்கொண்டிருக்கும் புரொஜெக்ட் என்றால் கைவைக்க வேண்டாம். புதிதாகத் தொடங்க அதை எடுப்பதற்கு இன்று எனக்கு நியாயம் தெரியவில்லை.

பார்சல்: இணைப்பைப் பிடித்துக்கொண்டு போகும்

டெவன் கோவெட் 2017இல் கொண்டுவந்த பார்சல் நேர் எதிர்ப்பக்கம். கொன்பிக் கோப்பே தேவையில்லை. முகப்புப் பக்கத்தைக் காட்டினால் போதும். அதில் உள்ள சிஎஸ்எஸ், படம், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பின்தொடரும். நான் இதில் மிகவும் விரும்புவது இன்னொன்று: ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குக் கோப்புப் பெயரை நீட்டிப்போடு எழுதி இணைப்புக் கொடுத்தால், அந்தப் பக்கத்தையும் தானாகவே பில்ட்டில் சேர்க்கும். முகப்பிலிருந்து அறைகள், அறைகளிலிருந்து விலை என்று 18 பக்கத்தையும் அதுவே கண்டுபிடித்துவிடும். இணைப்பில் எழுத்துப் பிழை இருந்தால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பில்ட்டை நிறுத்தும். உடைந்த இணைப்பைப் பிடிக்கத் தனியாக ஒரு டூல் வேண்டாம்.

படங்களுக்கும் கை கொடுக்கும். படத்தின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு, வெப்பீ வடிவத்தில் இவ்வளவு அகலத்தில் வேண்டும் என்று எழுதினால் மாற்றித் தரும். கடற்கரை விடுதிக்காரர்கள் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அள்ளி அனுப்பும் படங்களுக்கு இது பெரிய உதவி.

குறை இரண்டு. இம்போர்ட், எக்ஸ்போர்ட் உள்ள ஸ்கிரிப்டுக்கு 'மொடியூல்' வகை என்று டாக்கில் எழுதாவிட்டால், 2021இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் பார்சல் ஏற்காது. செய்தி தெளிவாக இருப்பதால் இது சிறு விஷயம். மற்றது, டிஸ்ட் கோப்புறையில் முந்தைய பில்ட்டின் கோப்புகளை அது அழிக்காது. ஹாஷ் மாற மாற பழைய கோப்புகள் குவிந்துகொண்டே போகும். பில்ட் கட்டளைக்கு முன்னால் அந்தக் கோப்புறையை அழிக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

வீட்: இங்கே ஓடும், அங்கே இருக்காது

எவன் யூ 2020இல் வெளியிட்ட வீட்டும் எச்டிஎம்எல்லைத் தொடக்கமாகத்தான் எடுக்கிறது. முகப்புக் கோப்பு புரொஜெக்டின் வேர்க் கோப்புறையில் இருக்கும். டெவ் சேர்வர் (வேலை நடக்கும்போது நம் கணினியிலேயே தளத்தைக் காட்டுவது) பிரவுசரின் சொந்த மொடியூல் வசதியைப் பயன்படுத்துவதால் சேமித்த உடனே மாற்றம் தெரியும். டெவ் சேர்வர், பிளகின்கள், ஆவணங்கள் மூன்றிலும் இன்று இதற்கு நிகர் குறைவு.

ஆனால் பல பக்கத் தளத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்ப் பக்கங்களை ஒரு துணைக் கோப்புறையில் வைத்துவிட்டு டெவ் சேர்வரை ஓட்டினால் எல்லாப் பக்கமும் வடிவாகத் திறக்கும். பில்ட் எடுத்தால் வேர்க் கோப்புறையின் முகப்புப் பக்கம் மட்டும்தான் வெளியே வரும். முகப்போடு மற்ற 17 பக்கத்தையும் பில்ட் அமைப்பில் உள்ள 'இன்புட்' பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கையால் எழுதாமல், கோப்புறையை வாசித்துப் பட்டியலைக் கட்டும் நான்கு வரி நோட் குறியீடு எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னர் சேர்க்கும் பக்கம் ஒன்று கட்டாயம் விடுபடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: வீட் தன் இயல்பில் இது ஒரு பக்கச் செயலி என்று நினைத்துக்கொள்கிறது. இல்லாத முகவரிக்குப் போனால், டெவ் சேர்வர் 'கிடைக்கவில்லை' என்று சொல்லாமல் முகப்பைக் காட்டும். விலைப் பக்கத்தின் இணைப்பைப் பிழையாக எழுதினாலும் ஏதோ ஒரு பக்கம் திறப்பதால் பிழை தெரியாது. 'ஆப் டைப்' அமைப்பைப் பல பக்க வகைக்கு மாற்றுங்கள். சாதாரண இணைப்புகளை வீட் தொடுவதும் இல்லை, சரிபார்ப்பதும் இல்லை. பார்சலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். தளம் டொமைனின் வேரில் இல்லாமல் ஒரு துணைக் கோப்புறையில் ஏறப்போகிறது என்றால், 'பேஸ்' அமைப்பு சிஎஸ்எஸ், படம், ஸ்கிரிப்ட் முகவரிகளைத்தான் திருத்தும். பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போகும் இணைப்புகளைச் சார்பு முகவரியாக நீங்களே எழுத வேண்டும்.

வாடிக்கையாளர் சிலர், "தம்பி, அதைப் பென்டிரைவில போட்டுத் தாங்க, வீட்டில வச்சுப் பாக்கிறன்" என்பார்கள். வீட் கட்டிய பக்கத்தை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது. வட்டிலிருந்து நேரே திறக்கும் பக்கத்தில் மொடியூல் ஸ்கிரிப்டை பிரவுசர் அனுமதிப்பதில்லை. வெப்பேக்கின் வழக்கமான வெளியீட்டுக்கு இந்தத் தடை இல்லை. பென்டிரைவுக்குப் பதிலாக ஒரு தற்காலிக இணைப்பை அனுப்புவதே சுகம்.

இலெவன்டி: திரும்பத் திரும்ப வருவதற்கு மருந்து

இதுவரை சொன்ன மூன்றும் ஒரு கேள்விக்கு நேரான பதில் தரவில்லை: மெனுவும் அடிக்குறிப்பும் 18 கோப்பிலும் திரும்ப எழுதப்படுகிறதே, அதை என்ன செய்வது? வீட் டூலில் பிளகின் வேண்டும். பார்சலில் போஸ்ட்எச்டிஎம்எல் என்ற துணை வழியாகச் செய்யலாம். வெப்பேக்கில் ஈஜேஎஸ்ஸுக்குள் சேர்க்கலாம். மூன்றும் பிறகு ஒட்டுப்போடும் வேலைதான்.

ஸாக் லெதர்மன் உருவாக்கிய இலெவன்டி இதற்காகவே பிறந்தது. லேஅவுட் ஒன்று, துண்டுகளுக்கு ஒரு கோப்புறை, பக்கத்தின் தலையில் இரண்டு மூன்று வரித் தகவல். தமிழ்க் கோப்புறைக்குள் அதே பெயரில் ஒரு ஜேசன் கோப்பை வைத்து மொழி தமிழ் என்று எழுதினால், அதற்குள் உள்ள எல்லாப் பக்கத்துக்கும் அது பொருந்தும். எச்டிஎம்எல் டாக்கின் மொழிக் குறியீடும் மெனுவின் சொற்களும் அதிலிருந்தே வரும். சீசன் தொடங்கும்போது விடுதிக்காரர் விலையை மாற்றச் சொன்னால், ஒரு தரவுக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் மூன்று மொழியிலும் மாறும். கெஸ்ட் ஹவுஸ் தளத்தில் அடிக்கடி மாறுவது விலைதான் என்பதால், மற்ற எந்த வசதியையும்விட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இலெவன்டி ஜாவாஸ்கிரிப்டைப் பண்டில் செய்யாது, படத்துக்குத் தானாக ஹாஷ் போடாது. அதற்கு வீட் டூலைப் பின்னால் பூட்டும் பிளகின் இருக்கிறது. இலெவன்டி எழுதி முடித்த பக்கங்களை எல்லாம் வீட் டூலிடம் கொடுக்கும், 'இன்புட்' பட்டியலும் அதோடு தானாக நிரம்பிவிடும். இந்த 18 பக்கத்துக்கு என் தெரிவு இந்தச் சோடிதான். ஒரே மொழியில் நாலைந்து பக்கம் என்றால் இவ்வளவு வேண்டாம், பார்சல் போதும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இறுதி ஆண்டுப் புரொஜெக்டை ரியாக்டிலோ வியூவிலோ செய்கிறவர் என்றால் வீட் தனியாகவே சரி.

எந்த டூலானாலும்

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தாலும் ஓடும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால், 'கடை' என்ற சின்னச் சொல் முகவரியில் 27 எழுத்தாக நீளும். வட்ஸ்அப்பில் பகிரும்போது அந்த இணைப்பு சதவீதக் குறிகளின் ஊர்வலம் போலத் தெரியும். கேரக்டர்செட் மெட்டா டாக்கை ஹெட்டின் முதல் வரியாக வையுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும்.

தமிழ், சிங்கள எழுத்துருக்களை ஹெட்டில் முன்கூட்டியே இறக்கச் சொல்லும்போது கவனம். வீட் அந்த முகவரியையும் சிஎஸ்எஸ்ஸில் உள்ளதையும் ஒரே ஹாஷ் பெயருக்கு மாற்றும். வெப்பேக்கில் எச்டிஎம்எல்-லோடர் இல்லாமல் எழுதினால் முன்கூட்டி இறக்கச் சொன்ன முகவரி பழைய பெயரிலேயே நிற்கும், சிஎஸ்எஸ் வேறு பெயரைக் கேட்கும்.

பொத்துவிலிலோ வாழைச்சேனையிலோ போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவர்கள், இந்த டூல்களின் பொதிகளை இறக்கித் தரும் பீஎன்பீஎம்மைப் பாருங்கள். ஒரு பொதியின் ஒரு பதிப்பை வட்டில் ஒரே இடத்தில் வைத்து எல்லாப் புரொஜெக்டுக்கும் அதையே இணைக்கும். இரண்டாவது தளத்துக்கு அதே பொதிகளை மறுபடி இறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டியதில்லை.

சீபனல் உள்ள ஹோஸ்டிங்குக்கு எஃப்டிபியில் ஏற்றுகிறவர்கள் முதலில் படம், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் உள்ள கோப்புறையை ஏற்றி முடியுங்கள், எச்டிஎம்எல் கோப்புகள் கடைசியாகப் போகட்டும். மாறிப் போனால், புதிய பக்கம் இன்னும் வந்து சேராத ஹாஷ் பெயரைக் கேட்டு, அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாகத் திறக்கும். பழைய ஹாஷ் கோப்புகளையும் சேர்வரிலிருந்து அன்றே அழிக்காதீர்கள். பழைய பக்கத்தை கேஷில் வைத்திருக்கும் போன்கள் இன்னும் சில நாள் அவற்றைத்தான் கேட்கும்.